ஆஞ்சப்பனின் பூட்டு

அஞ்செட்டிப் பக்கத்துத் தாமிரச் சுரங்கத்தில், கல்லரைக்கும் மில்லுக்குள் வேலைக்கு இறங்குகிறவன் ஸ்விட்சுப் பெட்டியில் தன் சொந்தப் பூட்டைப் போட்டுவிட்டுத்தான் இறங்குவான். வெளியே வந்து அவனேதான் திறக்க வேண்டும். உற்பத்தி கெடுகிறதென்று ஒருநாள் ஆஞ்சப்பனின் திண்டுக்கல் பூட்டை உடைத்து மில்லை ஓட்டிவிட்டார்கள். அவன் உள்ளேதான் இருந்தான். அவன் மனைவி நாராயணம்மாவுக்கு அந்தப் பூட்டின் சாவியும், கூட்டிப் பெருக்கும் வேலையும் கிடைத்தன.

எண்பத்தாறில் பழைய மில்லைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டு, இரண்டு மடங்கு அரைக்கும் புது மில்லைக் கொண்டுவந்தார்கள். அதன் பூஜையன்று பூசணிக்காய் உடைத்துத் திரும்பினால், ஆஞ்சப்பன் இருந்தபோது ஆயுதபூஜைக்கு நாராயணம்மா வைத்த குங்குமத்தோடு, அன்று உடைத்த அதே பூட்டு முழுசாகப் பெட்டியில் தொங்கியது.

"உள்ள ஆள் இருக்குதுங்க சார்," என்றாள் நாராயணம்மா.

"புது மில்லும்மா. உள்ள யாரு போனா?" என்ற சூப்பர்வைசர் பூட்டை உடைக்கச் சொன்னார். மறுநாளும் அது தொங்கியது. உடைத்து உடைத்து அலுத்துப்போய், "சாவி உன்கிட்டதான இருக்குது, நீயே திற," என்றார்.

அதுமுதல் தினமும் அவள்தான் திறக்கிறாள். அதற்குத் தனிக் கூலி கிடையாது. திறந்த கையோடு மில்லின் வாயருகே ஓடிக் குனிந்து, "மாமா, வெளிய வந்துட்டியா?" என்று கேட்பாள்.

பதில் வருவதற்குள் ஸ்விட்சைப் போட்டுவிடுவார்கள்.