கூட்டுக்குள்ள நுழையாத சீட்டு

"நானா பெருசு? வாயை அளந்து பேசு!" மாடல் ஹெலிகாப்டரோட கூட்டைப் பார்த்து பைலட் சீட்டு கத்துச்சு. நிஜ சீட்டை அளந்து, கணக்காச் சுருக்கி, பிளாஸ்டிக் தகட்டை வெட்டி அதைக் கையாலயே செஞ்சிருந்தாங்க. கூடு மட்டும் கடையில வாங்கினது. சீட்டு அதுக்குள்ள நுழையலைன்னதும் மேஜையில இருந்த கருவிங்க எல்லாம் சீட்டைத்தான் முறைச்சுதுங்க. கூட்டுக்கு ஏற்கெனவே பெயின்ட் அடிச்சாச்சாம், அதைத் தொடக் கூடாதாம்!

அரம் பக்கத்துல வந்து, "ஓரத்துல கொஞ்சம்தான் தேய்ப்பேன் தம்பி, வலிக்காது"ன்னுச்சு.

ஓரம் போனா அப்புறம் அது நிஜ சீட்டோட அளவா இருக்குமா?

"தள்ளி நில்லுண்ணே!" சீட்டு ஸ்கேல் பக்கம் திரும்புச்சு. "அக்கா, எங்க ரெண்டு பேரையும் அளந்தது நீங்கதானே? ஏன் வாயே திறக்க மாட்டேங்குறீங்க? மேஜையில எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க, தப்பான அளவு யாரோடது?"