பதினைந்தாவது பொம்மை

“பொம்மைக்கு யாருளா சேலை கெட்டி விட்டது?”

முதலாளி மந்திரமூர்த்தி போட்ட சத்தத்தில் பேட்டைப் பட்டறையின் எட்டுத் தையல் மிஷின்களும் ஒன்றாக நின்றன.

“நான்தான் அண்ணாச்சி” என்று எழுந்தாள் பேச்சித்தாய்.

போன மாதம் வரை லாரிகளுக்குத் தார்ப்பாய் தைத்துக்கொண்டிருந்த பட்டறை அது. முப்படைகளும் அண்டை நாட்டுப் படை ஒன்றும் சேர்ந்து தாமிரபரணியில் வெள்ள மீட்புப் பயிற்சி நடத்தப் போகின்றன. வெள்ளத்தில் மாட்டிக்கொண்ட ஆட்களாக நடிக்க, மணலும் தேங்காய்நாரும் அடைத்த ஆள் உயரப் பொம்மைகள் வேண்டும். மாதிரிக்குப் பதினைந்து. பிடித்துவிட்டால் இன்னும் இருநூறு. பிடிக்காவிட்டால் பட்டறையைப் பூட்டிவிட்டு எட்டுப் பெண்களையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். அரை மணி நேரத்தில் ராணுவ அதிகாரி பார்க்க வருகிறார்.

பதினான்கு பொம்மைகள் பேண்ட் சட்டையோடு ஒழுங்காகப் படுத்திருந்தன. பதினைந்தாவது மட்டும் பூப்போட்ட சேலையில், கை நிறையக் கண்ணாடி வளையலோடு, வயிற்றைத் தள்ளிக்கொண்டு கிடந்தது.

“வளைகாப்பு வேற முடிஞ்சிருக்கு! ஆர்டர்ல என்ன எழுதியிருக்கு? பேண்ட், சட்டை, அறுவது கிலோ. நீ என்ன காரியம் பண்ணி வச்சிருக்க?”

“எடை அறுவதுதான் அண்ணாச்சி. வயித்தையும் சேத்துத்தான்.”

“அதுக்குத்தான் நேத்து ஒரு மூட்டையத் தராசுல வச்சு, ஒரு பிடி மணலப் போடுததும் அரைப் பிடிய எடுக்கதுமா இருந்தியாக்கும்? மூணு கிலோன்னு முடிச்சா ஆகாதோ?”

“ஆகாது அண்ணாச்சி.”

வேலைக்குச் சேர்ந்த நாலு மாதமாக அவள் சிரித்ததும் இல்லை, கேட்டதற்கு மேல் பேசியதும் இல்லை.

“சேலைய அவுத்துட்டு பேண்டை மாட்டு.”

“மாட்ட மாட்டேன். அவுக ஆகாதுன்னு சொன்னா நானே பதில் சொல்லிக்கிடுதேன்.”

வாசலில் ஜீப் வந்து நின்றது. மந்திரமூர்த்தி அவசரமாக ஒரு தார்ப்பாயை எடுத்து அந்தப் பொம்மையை மூடினார். எல்லாம் மறைந்தது, வயிற்று மேட்டைத் தவிர.

மேஜர் தேவசிகாமணி உள்ளே வந்தார். கூட வந்த ஜவான், ஹெலிகாப்டரில் ஆளைத் தூக்கும் பெல்ட்டை ஒவ்வொரு பொம்மைக்கும் மாட்டிப் பார்த்தான். எதற்கும் இருபது நொடிக்கு மேல் ஆகவில்லை. மந்திரமூர்த்தி பில் புத்தகத்தைத் தேடி எடுத்தார்.

“அது என்ன, தார்ப்பாய்க்கு அடியில?”

“அது… கழிச்சுப் போட்டது சார்.”

மேஜர் தார்ப்பாயை விலக்கினார். வளையலையும் வயிற்றையும் குனிந்து பார்த்தார்.

“இதுக்கும் மாட்டு” என்றார் ஜவானிடம்.

தொடைக்கு நடுவே வர வேண்டிய வார் சேலையில் சிக்கியது. சேலையைத் தூக்கப் போன ஜவானின் கை, பொம்மைதான் என்றாலும், கூச்சப்பட்டுத் திரும்பி வந்தது. இடுப்பு வார் வயிற்றை அழுத்தியது. இரண்டு வளையல்கள் நொறுங்கின. நாலு நிமிடமாகியும் பெல்ட் ஏறவில்லை.

பேச்சித்தாய் முன்னால் வந்தாள். சேலைக் கொசுவத்தை மொத்தமாகப் பிடித்துக் கால்களுக்கு நடுவே கொடுத்து, நாற்று நடும் பெண்களைப் போலப் பின்னால் இறுக்கிச் செருகினாள். வாரை வயிற்றுக்கு மேலே, கக்கத்துக்குக் கீழே ஏற்றினாள். பெல்ட் பூட்டிக்கொண்டது.

“இத எங்கேம்மா படிச்ச?” என்றார் மேஜர்.

“பெரிய வெள்ளத்தன்னைக்கு ஒரு மொட்டை மாடியில பாத்தது சார். மாசமா இருந்த ஒருத்தியத் தூக்க எறங்கின தம்பிக்கு, சேலைக்கு மேல எப்படி மாட்டணும்னு தெரியல. அவளும் மானம் போயிரும், வரவே மாட்டேன்னு அழுதா. பெறகு பக்கத்து வீட்டு அக்கா ஒருத்திதான் இப்படிக் கெட்டி விட்டா.”

மேஜர் ஜவானைப் பார்த்தார். அவன் நொறுங்கிய வளையல் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினான்.

“விமானப்படை பெல்ட் வேற, கப்பற்படை படகு வேற, எங்க படகு வேற. வெளிநாட்டுக்காரங்க கொண்டு வர்றது இன்னும் வேற. ஆனா எல்லாரும் பழகுறது பேண்ட் போட்ட ஒரே ஆம்பளகிட்டதான்.” மேஜர் காகிதத்தை எடுத்தார். “அண்ணாச்சி, இந்தப் பதினாலும் ஆகாது.”

மந்திரமூர்த்தியின் பார்வை வாசலில் தொங்கிய பூட்டின் மேல் போனது.

“இருநூறுல பாதிக்குச் சேலை கட்டிருங்க. மிச்சத்துல நைட்டி, பர்தா, வேட்டி எல்லாம் வரணும்.”

“நானும் அதத்தான் சார் இவகிட்ட நேத்தே சொன்னேன்!” என்றார் மந்திரமூர்த்தி. மற்ற ஏழு பெண்களும் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்கள். சந்தோஷத்தில் ஒருத்திக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

மேஜர் அளவுகளைக் குறித்துக்கொண்டே வந்தார். சேலை விலகித் தெரிந்த வயிற்று மூட்டையில் சாக்பீஸால் எழுதியிருந்ததைப் பார்த்ததும் பேனா நின்றது.

“அதென்னம்மா சொல்லி வச்ச மாதிரி ரெண்டு கிலோ எண்ணூறு? யார் கொடுத்த கணக்கு?”

பேச்சித்தாய் அந்தப் பட்டறையில் முதல்முறையாகச் சிரித்தாள்.

“ஹெலிகாப்டர் எறக்கிவிட்ட மூணாம் நாள் ஆஸ்பத்திரியில நிறுத்துச் சொன்னது சார், என் மக பொறந்த எடை. இப்ப பால்வாடித் தராசுல பதினோரு கிலோ நிக்கா.”