இன்னைக்கு என்ன கலருங்க?

“ஏனுங்க மாலதி, இன்னைக்கு நம்ம ஷெட்டு என்ன கலருங்க?”

போனில் அரவேணு ஷெட் ராபியா. காலையிலிருந்து இது ஐந்தாவது தடவை.

“இன்னும் செவப்புத்தானுங்க அக்கா” என்றாள் மாலதி. குன்னூர் ஷெட்டுக்கு வந்திருந்த மூன்று மூட்டை பசுந்தேயிலையை எடை போட்டு முடித்துவிட்டு, அப்போதுதான் கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள். எல்லா ஷெட்டுக்கும் ரிப்போர்ட் பார்ப்பதும் அவள் தலையில்தான் விடிந்திருந்தது.

திரையில் நீலகிரி மலை விரிந்து கிடந்தது. சிறு விவசாயிகளிடம் இலை வாங்கும் கம்பெனியின் ஒவ்வொரு ஷெட்டும் அதில் ஒரு புள்ளி. நிறைய இலை வந்தால் பச்சை, குறைந்தால் மஞ்சள், ரொம்பக் குறைந்தால் சிவப்பு. புள்ளியைத் தொட்டால் மூன்று மாதக் கணக்கும் பொலபொலவென்று கொட்டும். கோவை ஹெட் ஆபீஸில் இந்த வரைபடம் என்றால் உயிர். மலையேறி வந்து ஒரு ஷெட்டைப் பார்க்க மட்டும் அங்கே ஒருவருக்கும் நேரமில்லை.

கேத்தி பச்சை, குன்னூர் பச்சை. அரவேணு மட்டும் மூன்று மாதமாகச் சிவப்பு. சிவப்பில் இருக்கும் ஷெட்டை இன்று மூன்று மணி மீட்டிங்கில் மூடப்போகிறார்கள்.

“நான் பொய் சொல்லலீங்க. தெனமும் நாப்பது மூட்டை நிறுத்து லாரில ஏத்தறேன். மூடிட்டாங்கன்னா ஊட்டுல நாலு பேரு என்னத்தைத் திங்கறது?” என்றாள் ராபியா.

“கம்ப்யூட்டர்ல என்ன வருதோ அதைத்தானுங்க அக்கா நான் காட்ட முடியும்.”

சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். அலுப்பாக இருந்தது. பன்னிரண்டு வருஷமாக இதே நாற்காலி, இதே குளிர். வேலையை விட்டுத் தொலைத்துவிடலாம் என்று தினமும் காலையில் நினைப்பாள். மகளின் காலேஜ் பீஸ் ஞாபகம் வரும். ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

பன்னிரண்டு மணிக்கு அரவேணு இலையை ஏற்றிக்கொண்டு லாரி வந்து வாசலில் நின்றது. ஃபேக்டரிக்குப் போகிற வழியில் டிரைவர் பாண்டியன் இங்கேதான் டீ குடிப்பான். இன்று டீயைத் தொடாமல், ஒரு போனை வைத்து அமுக்கிக்கொண்டிருந்தான். ஷெட்டுக்கு ஒன்று என்று கம்பெனி கொடுத்த போன் அது.

“அது யாரு போனுங்கண்ணா?”

“ராபியாக்காவோடதுங்க. அங்க பள்ளத்துல பேசத்தான் முடியும், நெட்டு வராதுங்களே. எடையெல்லாம் அக்கா இதுல போட்டுக் குடுத்துரும். நான் இங்க வந்ததும் ‘அனுப்பு’ன்னு ஒரு அமுக்கு. தெனமும் இப்படித்தானுங்க.”

மாலதி உள்ளே ஓடினாள். அந்தப் பாழாய்ப்போன வரைபடம் ஷெட்டின் பெயரைப் பார்ப்பதில்லை. போன் எங்கே நின்று அனுப்புகிறதோ, அந்த இடத்தில் கணக்கை இறக்கி வைத்துவிடும். அரவேணுவில் தப்பித்தவறி நெட் கிடைத்த நாட்களின் இலை மட்டும்தான் ராபியாவுக்கு ஏறியிருக்கிறது.

சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. அரவேணு மட்டும் திரை முழுக்கத் தெரியும்படி வரைபடத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டாள். ராபியாவின் போனிலிருந்து வந்த பதிவுகளை ஒவ்வொரு நாளாகத் தேடிப் பிடித்து அரவேணுவுக்கு மாற்றினாள். ஒவ்வொன்றுக்கும் ‘நிச்சயமாக மாற்றவா?’ என்று கேட்டு சாஃப்ட்வேர் உயிரை வாங்கியது. கண் எரிந்தது, முதுகு விட்டுப்போனது.

ஒன்றரை மணிக்குச் சிவப்பு மஞ்சளானது. இரண்டே முக்காலுக்குப் பச்சை.

ராபியாவின் சொந்தப் போனுக்கு அடித்தாள். “அக்கா, பச்சைங்க!”

அந்தப் பக்கம் ராபியா, ‘பச்சையாமுங்க!’ என்று ஷெட்டே கேட்கக் கத்தினாள். அப்புறம், “நல்லா இருப்பீங்க அம்மிணி” என்றாள். பன்னிரண்டு வருஷத்தில் இந்த நாற்காலியில் உட்கார்ந்து மாலதி சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

மூன்று மணிக்கு ஹெட் ஆபீஸ் ராஜசேகர் திரையின் மூலையில் தோன்றினார்.

“அரவேணு பச்சையா இருக்குது? நேத்து வரைக்கும் செவப்புங்களே!”

மாலதி எல்லாவற்றையும் சொன்னாள். பள்ளம், நெட், பாண்டியனின் லாரி, ஒரு அமுக்கு.

“பெரிய வேலைங்க மாலதி. நாங்க பாட்டுக்கு அந்தம்மா வயித்துல அடிச்சிருப்போம்” என்றார் ராஜசேகர். அவருக்கும் அன்று இது நான்காவது மீட்டிங்; கண்ணைக் கசக்கிக்கொண்டார். “ஆனா இன்னைக்கு ஒரு ஷெட்டை மூடியே ஆகணும்னு மேல சொல்லிட்டாங்க. எது செவப்போ அதுதான், அதுல பேச்சே இல்லீங்க. மேப்பைக் கொஞ்சம் சின்னதாக்குங்க, எல்லா ஷெட்டும் தெரியட்டும்.”

மாலதி மவுஸின் சக்கரத்தை உருட்டினாள். அரவேணு சுருங்கியது. இடது பக்கம் கேத்தி வந்தது, பச்சை. கீழே இன்னொரு புள்ளி எட்டிப் பார்த்தது. சிவப்பு.

சக்கரத்தின் மேல் இருந்த விரல் அப்படியே நின்றுவிட்டது. ராஜசேகர் லேசாகச் செருமினார்.

“மாலதி, அது நீங்க உக்காந்திருக்கற ஷெட்டுங்களே.”