நீலக் கதவுத் தெரு

"எங்க தெருவுக்கு வண்டிய அனுப்புங்க சார்."

எதைக் கேட்டாலும் இதை மட்டும் கேட்காதே என்று தீயணைப்பு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்றே பவளக்கொடியிடம் சொல்லியிருந்தார்கள். கேட்டேவிட்டாள்.

மேலக்கழனி நகரில் ஒவ்வொரு வீடும் தன் வரி தீயணைப்புக்கா, பள்ளிக்கூடத்துக்கா என்று ஆண்டுதோறும் எழுதிக் கொடுக்க வேண்டும். தீயணைப்பு என்றால் சிவப்புக் கதவு. பள்ளி என்றால் நீலம். நீலக் கதவு பற்றி எரிந்தால் வண்டி வராது. அவள் தெரு முழுக்க நீலம். இப்போது அங்கே தையல்காரி செல்வராணியின் வீடு எரிந்துகொண்டிருந்தது.

நிலைய அதிகாரி தணிகாசலம் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரிஞ்சுதானேம்மா நீலம் அடிச்சாங்க? தானா ஓடுற வண்டி, நீலத் தெருப் பக்கம் திரும்பவே திரும்பாது."

"கையால ஓட்டினா திரும்பும்."

"படிச்ச புள்ள பேசற பேச்சா இது? வேலை போயிடும்."

"படிக்க வெச்சதே அவங்கதான் சார். வீடு எரிஞ்சாலும் பரவால்லைன்னு பன்னெண்டு வருஷம் நீலம் அடிச்சாங்க. நான் இங்க உக்காந்து வேடிக்கை பாக்கவா?"

வாசலில் மூன்று வீரர்கள் தலைக்கவசத்தோடு நின்றார்கள். மூத்தவர் ஜெபராஜ் குரல் கொடுத்தார். "பவளம், நாங்க ரெடி. ஆனா கையால ஓட்ட எங்களுக்குத் தெரியாதும்மா."

"எனக்குத் தெரியும்ண்ணே. பள்ளிக்கூடத்துல கத்துக்கிட்டேன்."

"சாவிய நான் தரமாட்டேன்," என்றார் தணிகாசலம்.

சாவி அதற்குள் அவள் கையில் இருந்தது. கேட்டதெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான். வண்டி வருவது தன் தெருவுக்குக் கேட்கட்டும் என்று, மணியை அடிக்க ஜெபராஜிடம் சொல்லிக்கொண்டே வெளியே நடந்தாள்.