கடைசியாகச் சிரித்தவன்

கற்பிட்டிக் கடற்கரையில், வானத்திலிருந்து குதிப்பவர்களின் கொட்டிலில் ஒரு சட்டம் இருந்தது. பகிடிக்குக் கடைசியாகச் சிரிப்பவன்தான் எல்லாருக்கும் தேத்தண்ணி வாங்க வேண்டும்.

தலைமைப் பயிற்சியாளர் முனாஸ் ஃபோனைப் பார்த்து வாசித்தார்.

“கேளுங்கடா, ஒரு ஆராய்ச்சியாம். பாராசூட்டோட விமானத்திலருந்து குதிச்சவனுக்கும் ஒண்டும் ஆகல்லியாம், வெறும் பையோட குதிச்சவனுக்கும் ஒண்டும் ஆகல்லியாம். பாராசூட்டால ஒரு பிரயோசனமும் இல்லியாம்!”

“அதெப்படி சேர்?” என்றான் ஒருவன்.

“விமானம் தரையில நிண்டதாம்டா!”

கொட்டிலே அதிர்ந்தது. புதிதாகச் சேர்ந்த தஸ்லீம் மட்டும் சிரிக்கவில்லை. நாளைக்கு அவனுக்கு முதல் குதிப்பு. பயந்துவிட்டான் போல என்று முனாஸுக்குப் பாவமாக இருந்தது.

“இண்டைக்குத் தேத்தண்ணி உன்ட கணக்குத்தான் தஸ்லீம். பகிடி விளங்கல்லியா?”

“விளங்கிச்சு சேர். போன வருஷம் விழுந்து மௌத்தான நஸ்மிர்ட பாராசூட்ட பிறகு நீங்கதானே சோதிச்சீங்க?”

முனாஸின் சிரிப்பு நின்றது.

“ஓம். அது நல்லா விரிஞ்சிச்சு, ஒரு பிழையும் இல்ல. அவன்தான் கயிற்ற இழுக்கப் பிந்திட்டான்.”

“எங்க வெச்சு விரிச்சுப் பார்த்தீங்க?”

“இந்தக் கொட்டில் தரையில…”

முனாஸின் கண் கையிலிருந்த ஃபோனுக்குப் போனது.

“அவர் என்ட நானா, சேர். எங்க உம்மாட மூத்த மகன்” என்றான் தஸ்லீம்.

பிறகு சத்தம் போட்டுச் சிரித்தான். அன்றைக்குக் கடைசியாகச் சிரித்தவன் அவன்தான். ஆனாலும் அவனிடம் யாரும் தேத்தண்ணி கேட்கவில்லை.