மூன்றாவது பள்ளம்

காலை வெயில் மேசைமேல் விழுந்து, காபி காய்ந்துபோன கோப்பைகளைக் காட்டிக்கொடுக்கிறது. அவள் கணினித் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பூமியின் மறுபக்கத்தில், இன்னும் இருட்டாக இருக்கும் ஒரு மலையிலிருந்து, தொலைநோக்கி ஒரு நட்சத்திரத்தின் வெளிச்சத்தைப் புள்ளி புள்ளியாக அனுப்பிக்கொண்டிருக்கிறது. கோள் ஒன்று குறுக்கே போனால் வெளிச்சம் இம்மியளவு குறையும். புள்ளிகள் இறங்கிப் பள்ளமாகும். இரண்டு பள்ளம் பார்த்தாயிற்று. மூன்றாவதும் விழுந்து மேலேறும்வரை இந்த அறையில் யாரும் கோள் என்று வாய் தவறிக்கூடச் சொல்லக் கூடாது. சொன்னால் ஒரு வாரம் எல்லார் கோப்பையையும் கழுவ வேண்டும். சட்டம் போட்டவர் பக்கத்து நாற்காலிக்காரர். 'சந்தேகம்' என்றுதான் அவருக்குப் பெயர். அவளுடைய பழைய இரண்டு கண்டுபிடிப்புகளைத் தவறு என்று ஊதித் தள்ளியவரும் அவர்தான். பத்து இருபதுக்கு விழ வேண்டிய மூன்றாவது பள்ளம், பத்து நாற்பதாகியும் விழவில்லை. புள்ளிகள் தரையில் போட்ட கோடு மாதிரிப் போகின்றன. "விடுங்கண்ணே, இதுவும் புஸ்ஸுன்னு போச்சு," என்று எழுந்திருக்கிறாள். அவர் பேனா மூடியால் திரையைத் தட்டுகிறார். ஒரு புள்ளி இறங்கியிருக்கிறது. அடுத்தது அதற்கும் கீழே. அவள் பாதி எழுந்தபடியே நின்றுவிடுகிறாள். "இருபத்தொரு நிமிஷம் லேட்டு," என்கிறாள். "சும்மா லேட்டாகாதும்மா. வழியில யாரோ கையப் பிடிச்சு இழுத்திருக்காங்க. உன் கோளுக்குக் கூடப்பொறந்தது ஒண்ணு இருக்கும்போல." புள்ளிகள் இன்னும் இறங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. அவள் தன் கோப்பையை மெல்ல அவர் பக்கம் நகர்த்துகிறாள்.