தட்டுகள் இல்லாத பந்தி

கையில் எடுத்த சோற்றை வாழையிலையிலேயே வைத்துவிட்டு மாயுமி எழுந்தாள்.

எதிர்த்தீவில் ஒரு பெண்ணுக்கு விடியற்காலையிலேயே பிரசவ வலி கண்டுவிட்டதாம். குழந்தையின் தலை இன்னும் இறங்கவில்லையாம். செய்தி கொண்டுவந்த படகு, இயந்திரத்தை நிறுத்தாமலே கரையில் காத்திருந்தது.

தென்மேற்குக் காற்றில் இரு தீவுகளுக்கும் இடையே கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் மருத்துவச்சி அவள் ஒருத்திதான்.

மகள் படகில் ஏறும்வரை பார்த்திருந்த தியோடோரா, பழக்கத்தில் தம் முன்னே கையை நீட்டினார். கை வெறும் இலையில் பட்டது.

உண்ணும்போது ஒருவர் பாதியில் பயணப்பட்டால், மற்றவர்கள் தத்தம் தட்டை ஒரு சுற்றுத் திருப்பி வைக்க வேண்டும் என்பது அந்தத் தீவின் வழக்கம். அப்போதுதான் போனவர் பத்திரமாகப் போய்ச் சேர்வார்.

அன்றோ ஊர்த் திருவிழா. நீண்ட மூங்கில் மேசை முழுவதும் வாழையிலை விரித்து, சோற்றை வரப்புபோலக் குவித்து, சுட்ட மீனும் இறாலும் உப்பு முட்டையும் பரப்பி, முப்பது பேர் ஒன்றாகக் கையால் உண்டுகொண்டிருந்தார்கள். எவர் முன்னாலும் தட்டில்லை.

"இப்ப எதத் திருப்புறது? வேணும்னா நான் ஒரு சுத்து சுத்தி நிக்கட்டுமாக்கா?" என்றார், மீன் சுட்ட இனியோங்.

யாரும் சிரிக்கவில்லை. மாயுமி போயிருக்கவே வேண்டாம், பட்டணத்திலிருந்து வேறு யாரையாவது வரவழைத்திருக்கலாம் என்று சிலர் தணிந்த குரலில் சொன்னார்கள். சொல்லிக்கொண்டே தியோடோராவின் முகத்தைப் பார்த்தார்கள்.

தியோடோரா மேசையின் முனையைப் பற்றினார்.

"மேசையத் திருப்புங்கப்பா. போறது எம் பொண்ணு. அவ போய்ச் சேந்துட்டா ரெண்டு உசுரும் பொழச்சிரும். ம், புடிங்க."

முப்பது பேரும் குனிந்தார்கள். மேசை எழுந்தது.

ஊர்த்தலைவரின் மனைவி, திருவிழாவுக்கென்று தைத்த உடையோடு நடுவில் முட்டுக் கொடுத்தார். சோற்று வரப்பு சரிந்தது. மணலில் விழுந்த இறால்களை நாய்கள் கவனித்துக்கொண்டன. இடப்புறம் போ, வலப்புறம் போ என்று ஆளுக்கொரு கட்டளை. ஒருவர் காலை ஒருவர் மிதித்தார்கள். யாரும் கையை விடவில்லை.

ஒரு முழுச் சுற்று வந்து மேசை தரையில் அமர்ந்தபோது, படகு பெரிய அலைகளைக் கடந்து அக்கரையை நெருங்கியிருந்தது.

தியோடோரா நிமிர்ந்து நின்றார். இந்த ஏழு ஆண்டுகளில் அவர் அப்படி நின்று ஊர் பார்த்ததில்லை.

அங்கே பிறக்கவிருந்த குழந்தையின் தந்தை, ஏழு ஆண்டுகளுக்கு முன் இக்கரையை விட்டுப் போனவர்; தேவாலயப் பதிவேட்டின்படி, இன்றும் தியோடோராவின் கணவர்.